அடுக்களையும் முற்றமும்

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், தாய் தந்தையர் வேலைக்குப் போய்விட்ட பின் பகல் முழுவதும் கேட்பாரற்று மாடிப்படிகளில் ஓடியும் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கியும் திரிந்த சிறு பிள்ளைகளுக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பை ஏற்ற மரியா மாண்டிசோரி அம்மையார் வைத்திய சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றவராதலால், நோயாளியின் முகக்குறியை நிதானமாகக் கவனிக்கும் வைத்தியரின் பழக்கத்தோடு அப்பிள்ளைகளையும் கவனித்தார். அவ்வாறு கவனித்ததில் அவருக்கே ஆச்சரியம் விளைவித்த விஷயங்களுள் ஒன்று, அங்கே வைக்கப்பட்டிருந்த விலையுயர்ந்த பொம்மைகளைக் குழந்தைகள் ஏறெடுத்தும் பாராமல், கை கழுவுவதிலும், மேசையைத் துடைப்பதிலும், தரையைப் பெருக்குவதிலும் மெய்ம்மறந்து ஈடுபட்டமையாகும். ஆகவே அவர் குழந்தையின் உயரத்துக்கேற்ற சிறு துடைப்பங்களையும், தாழ்ந்த மேசைகளையும், கீழே விழுந்தால் உடைந்துபோகும் மெய்யான பீங்கான் பாத்திரங்களையும் அவர்கள் கையிலே கொடுத்தார். உடையும் என்று அறிந்த பொருளைத்தான் கை கவனமாகப் பிடிக்கும் என்பது அவருடைய துணிபு.

இந்த அம்மையார் நம் நாட்டுக்கு அந்நியர் அல்லர். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், உலக யுத்தம் மூண்டு இத்தாலியரான அவர் பகை நாட்டுப் பிரஜையாகக் கருதப்பட்டமையால் திரும்பிச் செல்ல இயலாமல், அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை தங்க நேர்ந்தது. இன்று அவருடைய பெயரைப் பலகையில் தாங்கிய மழலையர் கூடங்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றுள் சிலவற்றில் மூன்று வயதுக் குழந்தை ஆடாமல் அசையாமல் அமர்ந்து கோடிட்ட நோட்டில் எழுத்துக்களை நிரப்பிக்கொண்டிருப்பதைக் காணும்போது, பெயர்ப்பலகை எழுதியவர் அந்த அம்மையாரின் நூலில் ஒரு பக்கத்தையேனும் புரட்டியிருப்பாரா என்ற சந்தேகம் எழாமற் போகாது.

அது கிடக்கட்டும். விசேஷ உபகரணம் ஏதுமின்றி, ஒரு சாதாரண வீட்டின் அடுக்களையும் முற்றமும் ஒரு குழந்தைக்குக் கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவர நூல் ஆகியவற்றின் வித்துக்களை எவ்வாறு அளிக்கின்றன என்பதையும், அவ்வேளையில் அருகிலிருக்கும் பெரியவர் எதைச் செய்யாமல் இருத்தல் நலம் என்பதையும் இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை பிசகின்றி ஒப்பிப்பதைக் கேட்டு வீட்டார் பூரித்துப்போவது இயல்பே. ஆயினும் அதே குழந்தையிடம் சின்ன வெங்காயக் கூடையைக் காட்டி, "எனக்கு மூணு எடுத்துக் கொடு கண்ணு" என்று கேட்டால், அது கைக்கு வந்த மட்டும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். ஏனெனில் எண்ணுதல் என்பது பெரியவர்களுக்கு ஒரே செயலாகத் தோன்றினும், அதனுள்ளே பல நியதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொல் என்பது ஒன்று. சொற்களின் வரிசை மாறக்கூடாது என்பது மற்றொன்று. கடைசியாக உச்சரித்த சொல் அந்தக் கடைசிப் பொருளின் பெயராகாமல், எண்ணப்பட்ட முழுத் தொகுதியின் அளவைக் குறிக்கிறது என்பது பிறிதொன்று. ரோஷல் கெல்மன், காலிஸ்டெல் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் 1978இல் வெளியிட்ட நூலில் இவற்றைப் பகுத்துக் காட்டினார்கள். இவற்றுள் இறுதியாகச் சொன்னதே குழந்தைக்குக் கடினமானது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மூன்றரை, நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது.

பிடிபட என்ன உபாயம் என்றால், இரவு உணவுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலையைக் குழந்தையிடம் ஒப்படைத்துவிடுவதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரிந்தவரையில் வேறில்லை. தாத்தாவுக்கு ஒன்று, ஆச்சிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று தட்டையும் ஆளையும் இணைத்துக்கொண்டே போகும் குழந்தை, ஒன்றுக்கு ஒன்று என்னும் பொருத்தத்தைத் தன் கால்களாலேயே நடந்து கற்கிறது. தாத்தா வெளியூர் சென்றிருக்கும் நாளில், "இன்னைக்கு எத்தனை தட்டு வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், கழித்தல் கணக்கைக் குழந்தை தானே போடும். ஒரு தட்டு மிகுந்துவிட்டாலும் கேடில்லை. ஆளற்ற இடத்தில் கிடக்கும் அந்தத் தட்டே பிழையைக் காட்டிவிடும். திருத்துவதற்குச் சிவப்பு மை வேண்டியதில்லை. பல்லாங்குழிப் பலகையின் பதினான்கு குழிகளிலும் குழிக்கு ஒன்றாகக் காய்களை இட்டுச் செல்லும் ஆட்டமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் புளியங்கொட்டையும் சோழியும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும் வயதைக் குழந்தை கடந்திருக்க வேண்டும்.

வாழ்க்கையில் பொருளோடு ஒட்டி நிற்கும் கணக்குக்கும், தாளில் தனித்து நிற்கும் கணக்குக்கும் உள்ள தூரத்தை அறிய விரும்புவோர் பிரேசில் நாட்டு ரெசிபே நகரத்து ஆய்வு ஒன்றைக் கேட்க வேண்டும். அந்நகரின் தெருக்களில் இளநீரும் காய்கனிகளும் விற்ற சிறுவர்களிடம், ஆய்வாளர்கள் வாடிக்கையாளரைப் போலச் சென்று, இத்தனை காய் வாங்கினால் எவ்வளவு, இவ்வளவு கொடுத்தால் மீதி எவ்வளவு என்று வினவியபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரியாக வந்தன. அதே எண்களை வெறுங்கணக்காகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது, அதே சிறுவர்கள் நூற்றுக்கு முப்பத்தேழுதான் சரியாகச் செய்தார்கள். 1985இல் வெளியான இந்த ஆய்வு ஐந்து சிறுவர்களை மட்டுமே கொண்ட சிறு ஆய்வு. அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வாதிக்கத் துணிவோருடன் நான் சேரமாட்டேன். எனினும் தாளில் தவறிய குழந்தைக்குக் கணக்கே வராது என்று தீர்ப்பு எழுதுமுன், அதைக் கடைக்கு அனுப்பிப் பார்ப்பது நியாயம்.

இனி, அளவைக்கு வருவோம். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாக நீரை ஊற்றி, இரண்டும் சமம் என்று ஐந்து வயதுக் குழந்தையே ஒப்புக்கொண்ட பின், அதன் கண்ணெதிரே ஒன்றிலுள்ள நீரை ஒல்லியாக உயர்ந்த வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்டால், குழந்தை தயக்கமின்றி உயர்ந்த பாத்திரத்தைச் சுட்டும். ஸ்விட்சர்லாந்து தேசத்து ழான் பியாஜே இத்தகைய பரிசோதனைகளைப் பல குழந்தைகளிடம் நடத்தி, எண் என்னும் கருத்து குழந்தை உள்ளத்தில் உருவாகும் விதத்தைப் பற்றி 1941இல் ஒரு நூல் வெளியிட்டார். வடிவம் மாறினும் அளவு மாறாது என்னும் ஞானம், ஏறக்குறைய ஆறு ஏழு வயதில் அரும்புகிறது. அதற்கு முன் நாம் எவ்வளவு விளக்கினும், குழந்தை நம்மைத் திருப்திப்படுத்துவதற்காகத் தலையாட்டுமேயன்றி உள்ளத்தில் ஏற்பதில்லை. உயரம் என்ற ஒரு குணத்தைப் பற்றிய கண், அகலம் என்ற மற்றொன்றையும் உடன் பற்றிக்கொள்ளும் பக்குவம் அடையும் வரையில் அது அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பக்குவம் வெறும் நாட்கழிவினால் மட்டும் வருவதும் இல்லை. ஊற்றி ஊற்றிப் பார்த்த கைக்கே அது வருகிறது. தசாம்ச அளவைகள் சட்டமாகிப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னும், நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள் ஓர் உழக்கோ ஆழாக்கோ கிடக்கத்தான் செய்கிறது. எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. நான்கு உழக்கு சேர்ந்தாலும் அதே படி. பெரிய பாயை விரித்து, அதன் நடுவே குழந்தையை அமர்த்தி, அரிசியையும் இம்மூன்று அளவைகளையும் கொடுத்துவிட்டால், எட்டு முறை கொட்டி நிரம்பிய படி நான்கு முறை கொட்டியும் நிரம்புவது ஏன் என்னும் புதிர் அதனை அரை மணி நேரம் கட்டிப்போடும். சிந்திய அரிசியைப் பொறுக்குவது அப்பாடத்தின் பிற்பகுதி என்று கொள்க.

இங்கேதான் பெரியவரின் நாவுக்குச் சோதனை வருகிறது. குழந்தை தடுமாறும் கணத்தில், "இதோ பார், இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, தெரிந்ததா?" என்று சொல்லிவிடத் துடிக்காத தாய் தந்தையர் அரியர். சொன்னால் என்ன குற்றம்? எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. அவர்கள் குழாய்களை இணைத்து ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்தார்கள். அதில் ஓரிடத்தை இழுத்தால் கீச்சென்று ஒலி எழும். அதன்றி, விளக்கு எரிவது, இசை ஒலிப்பது, கண்ணாடியில் முகம் தலைகீழாகத் தெரிவது என்று மறைந்து கிடந்த வேறு விந்தைகளும் உண்டு. சில குழந்தைகளுக்கு, இது இப்படித்தான் வேலை செய்யும் என்று கற்பிக்கும் பாவனையில் அந்தக் கீச்சொலியைக் காட்டினார்கள். வேறு சிலருக்கு, தற்செயலாகக் கை பட்டு ஒலி எழுந்ததுபோல் நடித்தார்கள். பின்பு தனியே விட்டபோது, கற்பிக்கப்பட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டு விரைவில் சலித்துப் போனார்கள். தற்செயலாகக் கண்ட குழந்தைகளோ நெடுநேரம் துழாவி மற்ற விந்தைகளையும் கண்டுகொண்டார்கள். ஆசான் ஒன்றைக் காட்டி நிறுத்திவிட்டால், காட்டத்தக்கது அவ்வளவே என்று குழந்தை அனுமானிக்கிறது. அந்த அனுமானத்தில் அறிவுக்குறைவு ஏதும் இல்லை; நம்மீது வைத்த நம்பிக்கையே அதன் காரணம்.

இதனால் ஒன்றுமே சொல்லித் தரக்கூடாது என்று முடிவு கட்டிவிடுவதும் பேதைமை. அடுப்பு சுடும் என்பதையும், செடியின் பெயர் நொச்சி என்பதையும், 'அ' என்னும் எழுத்தின் வடிவத்தையும் குழந்தை எத்தனை நாள் துழாவினாலும் தானே கண்டுபிடிக்கப் போவதில்லை, அல்லது கண்டுபிடிக்க விடலாகாது. அவற்றைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். கண்ணாலும் கையாலும் பிரத்தியட்சமாக அறியத்தக்கவற்றில் மட்டும் நாம் சற்றுப் பின்னே நிற்கலாம்.

பரிசு கொடுத்து ஊக்குவிப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சித்திரம் தீட்டுவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளிடம், வரைந்தால் அலங்காரப் பத்திரம் ஒன்று தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்து, ஓரிரு வாரம் கழித்துக் கவனித்தபோது, அவர்கள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் பரிசுப் பேச்சே கேளாத குழந்தைகளின் நேரத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்ததை மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973இல் வெளியிட்டார்கள். தட்டு வைத்ததற்கு மிட்டாய் கொடுக்க வேண்டாம். எல்லோரும் அமர்ந்து உண்டால் போதும்.

பின்னே நிற்பதென்றால் மௌன விரதம் பூணுவதென்று பொருளில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, வேலையின் ஊடே குழந்தையோடு சம்பாஷிப்பது பாஷை வளர்ச்சிக்கு இன்றியமையாதது. அந்தச் சம்பாஷணைக்கு உயிருள்ள மனிதர் தேவை என்பதைப் பாட்ரிஷியா குல் என்னும் அம்மையார் 2003இல் காட்டினார். ஒன்பது மாத அமெரிக்கச் சிசுக்கள், சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை விளையாடியபோது, அம்மொழியின் ஒலி வேற்றுமைகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்துக் கேட்ட சிசுக்கள் எதையும் கற்கவில்லை. சோறூட்டும்போது கைப்பேசியைக் குழந்தையின் முன் நிறுத்தி வைக்கும் வழக்கத்தைப் பற்றி இதற்குமேல் நான் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

அடுக்களையை விட்டுப் புறப்படுமுன் இரசாயனத்துக்கும் ஓர் உதாரணம் காட்டிவிடலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீர் சுண்ணாம்பு பட்டவுடன் குருதி நிறம் கொள்வதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தில் சிவந்து, அமிலத்தில் மீண்டும் மஞ்சளாகிறது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருங்கேடாதலால், குழந்தையின் கைக்குச் சோப்பு நீரைக் கொடுப்பதே உசிதம். மஞ்சள் தடவிய வெள்ளைத் துணியில் சோப்பு நீரால் கோடு போட்டால் கோடு சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் சிவப்பு மறையும். வேலியோரத்துச் சங்குப்பூவை வெந்நீரில் இட்டு எடுத்த நீலச் சாறு எலுமிச்சை பட்டதும் ஊதாவாகும். மலர்ச் சாற்றின் நிறமாற்றத்தைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியும் முறையை ராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். அவர் கையாண்டது ஊதாப்பூச் சாறு. புளி, தயிர், சோடா உப்பு, அரிசி கழுவிய நீர் என்று ஒவ்வொன்றாகக் குழந்தையே தேடிக்கொண்டு வரட்டும்.

முற்றத்துக்குச் செல்வோம். ஒரு கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் ஈரத்துணியைச் சுற்றி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு மொச்சையையும் நான்கு கொண்டைக்கடலையையும் செருகிவிட்டால், இரண்டு மூன்று நாளில் வேர் முதலில் வெளிப்பட்டுக் கீழ்நோக்கி இறங்குவதைக் காணலாம். வேர் ஓரங்குலம் வளர்ந்த பின் டம்ளரைப் படுக்கவைத்தால், மறுநாளே வேரின் நுனி வளைந்து மீண்டும் பூமியை நோக்கும். மண் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் அதற்குத் திசை எவ்வாறு தெரிந்தது? சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸின் துணையோடு இதை ஆராய்ந்து 1880இல் ஒரு பெரிய நூலே எழுதினார். உணரும் உறுப்பு வேரின் நுனி என்று அவர் கொண்டது சரியே. அந்நுனியின் உயிரணுக்களுக்குள் உள்ள மாவுத் துகள்கள் தம் எடையால் கீழ்ப்பக்கம் படிந்து, கீழ்த்திசை எது என்பதைத் தெரிவிக்கின்றன. முளைத்தவற்றை மண்ணில் நட்டுப் பார்த்தால் இன்னொரு வேற்றுமையும் புலப்படும். மொச்சை தன் இரு பருப்புக்களையும் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். கொண்டைக்கடலையோ பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அனுப்பும். துவரை எந்தக் கட்சி என்று குழந்தையிடம் முன்கூட்டியே ஊகம் கேட்டு, சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊகித்துவிட்டுக் காத்திருப்பது விஞ்ஞானிகளின் வாழ்நாள் தொழில்.

சிற்றெறும்பு வரிசையும் அவ்வாறே. சிந்திய சர்க்கரைக்கும் புற்றுக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் செல்லும் எறும்புகளின் பாதையை விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டால், அதுவரை தடையின்றி நடந்த எறும்புகள் அந்த இடத்தில் திகைத்து நின்று அங்குமிங்கும் தடவும். முன்சென்ற எறும்புகள் தரையில் இட்டுச் சென்ற வாசனைப் பொருள் அங்கே அழிந்துபோனதுதான் காரணம். இதையும் முதலில் சொல்லிவிடாதீர்கள், "ஏன் நின்னுடுச்சு?" என்று குழந்தையே கேட்கும், கேட்டபின் "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்கலாம்.

வெளியே செல்வதில் கல்வியைத் தவிர வேறொரு லாபமும் உண்டு, அது கண்ணுக்கு. சீனத்தின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுள் பாதியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் நாற்பது நிமிடம் கூடுதலாகத் திறந்தவெளி வகுப்பு நடத்தி மூன்றாண்டுகள் கவனித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. திறந்தவெளி வகுப்பு நடந்த பள்ளிகளில் அது 30.4 ஆக இருந்தது. வீட்டுக்குள் நாம் போதுமென்று நினைக்கும் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெயில் நாளின் வெளியிலோ அது பல்லாயிரம் லக்ஸ். அந்தப் பேரொளியால் விழித்திரையில் சுரக்கும் டோபமின் என்னும் பொருள் கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது விஞ்ஞானிகள் பெரிதும் ஏற்கும் ஊகம். தைவான் அரசு பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும் என்று 2010 முதல் வலியுறுத்தி வருகிறது. சூரியனை நேரே நோக்கலாகாது என்ற எச்சரிக்கையோடு, மரநிழலில் விளையாடினாலும் இப்பயன் கிட்டும்.

அடுக்குமாடி வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்போர் உண்டு, கேள்வி நியாயமானதே. அவர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. கைப்பிடிச் சுவரின் உயரத்தை முதலில் சோதியுங்கள். நீர்த்தொட்டியின் மூடியையும் பாருங்கள், ஒரு சாண் நீர் நின்ற வாளியிலும் தவழும் குழந்தை மூழ்கிவிடக்கூடும். பின்பு ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதன் நிழலைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். இது எந்த நாளிலும் செய்யத்தக்கது. ஆனால் கடக ரேகைக்குத் தெற்கே வாழும் நமக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் ஒரு தனிப்பேறு உண்டு. வட இந்தியாவில் டெல்லிக் குழந்தைக்கு அது ஒருபோதும் கிட்டாது. அந்நாட்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, கவிழ்த்த டம்ளரின் நிழல் முழுவதும் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடங்களில் இது நிகழும். நாட்காட்டியில் இன்றே குறித்து வைத்துக்கொண்டு, அன்றைக்குக் குழந்தையை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.